விதியும் ஆசனப்பட்டியும்

மனிதன் தன் வேகத்தைப் பெருக்கிக்கொண்ட வரலாறு பலரும் அறிந்தது. காலால் நடந்தவன் மாட்டைப் பூட்டினான், பாய் விரித்தான், நீராவியை அடக்கினான், பின்னர் எண்ணெயை எரித்து ஓடும் எந்திரத்தைப் படைத்தான். பாடப் புத்தகங்கள் இவற்றைப் பெருமையுடன் எடுத்துரைக்கின்றன. ஆனால், தான் படைத்த வேகத்திலிருந்து தன் உடலைக் காத்துக்கொள்ள அவன் கற்ற வரலாறு அத்துணை பரவலாகப் பேசப்படுவதில்லை. அது மூன்று விரல் அகலமுள்ள நெசவுப் பட்டி ஒன்றின் வரலாறு. மோட்டார் வாகனத்தின் ஆசனப்பட்டியையே இங்குக் குறிப்பிடுகிறோம். பொருள் சிறிதுதான், ஆயின் அதன் கதையில் விஞ்ஞானம் உண்டு, இலாப வேட்டை உண்டு, பொதுமக்களின் போராட்டம் உண்டு, எமது மண் நெடுங்காலம் காத்த மௌனமும் உண்டு.

மட்டக்களப்பு வாவி தென்வடலாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கிறது. அதன் கீழ்த்திசைக் கரையை எழுவான்கரை என்றும், மேல்திசைக் கரையைப் படுவான்கரை என்றும் எம் முன்னோர் வழங்கினர். இவ்விரு கரைகளுக்கும் இடையே நெல்லும் மீனும் மனிதரும் நெடுங்காலம் தோணியிலும், இங்குப் 'பாதை' எனப்படும் மிதவையிலுமே கடந்துவந்தன. அம்பிளாந்துறை, மண்முனைத்துறை என்ற பெயர்களில் உள்ள 'துறை' அக்காலத்திற்குச் சாட்சி கூறுகிறது. 1924 இல் கல்லடியில் பாலம் அமைந்தது. ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரை அது பெற்றது. 1928 இல் புகையிரதம் மட்டக்களப்பை வந்தடைந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2013 இல் கல்லடியில் புதிய பாலமும், 2014 இல் மண்முனையில் பாலமும் திறக்கப்பட்டன. மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்துநின்ற உழவனின் துன்பம் தீர்ந்தது. போர் ஓய்ந்தபின் வீதிகளும் அகன்றன, செப்பமுற்றன. இவையெல்லாம் பெரும் நன்மைகள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாவியில் தோணி விடுபவன், அதில் யார் எங்கே அமரவேண்டும் என்பதை நன்கறிவான். சிறுவனைத் தாழ நடுவில் இருத்துவான். எழுந்து நிற்பவனை அதட்டி உட்காரவைப்பான். பாரத்தை இருபுறமும் ஒப்பப் பரப்புவான். நீர்வழிப் பயணத்திற்கு எமது மக்கள் இத்தகைய இருக்கை ஒழுங்கொன்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருந்தனர். புதிய வீதி வந்தபோது வேகம் வந்தது. அந்த வேகத்திற்குரிய இருக்கை ஒழுங்கு வரவில்லை. மாட்டுவண்டியில் இருந்தவாறே மோட்டார் வாகனத்திலும் இருக்கலாம் என்ற எண்ணம் எஞ்சிவிட்டது.

அந்த எண்ணத்தின் விளைவை நாம் இழவு வீடுகளில் காண்கிறோம். இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2000 க்கும் மேற்பட்டோர் மடிகின்றனர். மாண்டவரைச் சுற்றி இருப்போர், "விதி முடிஞ்சு போச்சு" என்கின்றனர். துயரத்தில் ஆழ்ந்தோர்க்கு அச்சொல் ஓர் ஆறுதல். அதை நாம் இகழவில்லை. ஆயின் விதி என்னும் சொல்லுக்குத் தமிழில் வேறு பொருள்களும் உள. இயற்கையின் ஒழுங்கும் விதிதான். மனிதர் கூடி இயற்றும் சட்டமும் விதிதான். தலைவிதி என்று நாம் கருதிய மரணங்களுள் பல, இயக்க விதியை அறியாமையாலும் வீதி விதியை மதியாமையாலும் விளைந்தவை என்பதே ஆசனப்பட்டியின் வரலாறு புகட்டும் பாடம்.

இயக்க விதியை முதலில் நோக்குவோம். வெளிவிசை தடுக்கும்வரை ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது நியூற்றனின் முதல் விதி. எமது வகுப்பறைகளில் மாணவர் இதனை மனனஞ் செய்கின்றனர். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், வீதியோரப் பனையில் மோதி நிற்கிறது எனக் கொள்வோம். நிற்பது கார்தான், உள்ளிருக்கும் மனிதன் அதே 50 கிலோமீற்றர் வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். அவனை நிறுத்துவது எது? பட்டி நிறுத்தும், இல்லையேல் சுக்கானும் கண்ணாடியும் நிறுத்தும். அந்த வேகம், ஏறத்தாழப் பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழுபவன் நிலத்தைத் தொடும் வேகத்திற்கு நிகரானது. தென்னை உச்சியிலிருந்து வெறுந்தரையில் குதிக்க எவனும் துணியமாட்டான். பட்டியின்றிக் காரில் அமர்பவன் அதையே நாள்தோறும் துணிகிறான்.

இவ்வுண்மையை உலகம் எவ்வாறு கண்டுகொண்டது? 1917 இல், முதல் உலகப் போரின்போது, விமானப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஹியூ டி ஹேவன் என்னும் இளைஞர் விபத்தொன்றில் சிக்கினார். அவர் பிழைத்தார். தாம் ஏன் பிழைத்தோம் என்று கேட்டவர்களுக்கு, 'அதிர்ஷ்டம்' என்ற விடையே கிடைத்திருக்கும். அவர் அவ்விடையோடு நின்றுவிடவில்லை. உயர்ந்த கட்டடங்களிலிருந்து விழுந்தும் உயிர்தப்பியவர்களின் செய்திகளைத் தேடித் திரட்டினார். 1942 இல் அவர் வெளியிட்ட ஆய்வு, விசை உடலின் வலிய பகுதிகளில் பரவி விழுமாயின், நிற்பதற்குச் சிறிது தூரமேனும் கிடைக்குமாயின், மனித உடல் நாம் எண்ணுவதிலும் மிகுதியான அதிர்ச்சியைத் தாங்கும் என்று காட்டிற்று. 'யார் குற்றவாளி' என்று மட்டும் விபத்தைப் பார்த்துவந்த உலகம், 'உடலை எது தாக்கியது' என்றும் பார்க்கத் தொடங்கியது அப்பொழுதுதான்.

அடுத்து வந்தவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜோன் ஸ்டாப். 1954 டிசம்பர் 10 ஆம் நாள் அவர் தம்மையே ரொக்கெற் பூட்டிய சறுக்கு வண்டியில் பட்டிகளால் பிணைத்துக்கொண்டார். மணிக்கு 1000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தை அடைந்து, ஏறத்தாழ ஒன்றரை வினாடிக்குள் நிறுத்தப்பட்டார். கண்களில் குருதி கட்டிற்று. ஆனால் அவர் உயிரோடு எழுந்தார். ஒழுங்காகக் கட்டப்பட்ட உடல் தாங்கும் என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. பின்னாளில் அவர் கார்ப் பயணிகளின் பாதுகாப்புக்காகவும் ஓயாது வாதாடினார்.

விஞ்ஞானம் இவ்வளவு தெளிவாகப் பேசியபின்னும் கார் முதலாளிகள் செவிசாய்த்தனரா? இல்லை. 1956 இல் போர்டு நிறுவனம் பட்டி முதலிய பாதுகாப்புச் சாதனங்களை முன்வைத்து விளம்பரம் செய்தது. அவ்வாண்டு போட்டி நிறுவனத்தின் கார்களே மிகுதியாக விற்பனையாயின. பாதுகாப்பு விலைபோகாது என்பதே அவர்கள் அதிலிருந்து கற்ற பாடம். காரின் மேனி மினுக்கவும், வால் நீளவும், எந்திரம் உறுமவும் செலவழித்தவர்கள், உள்ளிருப்போரின் உயிருக்குச் செலவழிக்கத் தயங்கினர். குறையெல்லாம் சாரதியின் கையிலேயே உள்ளது என்றும் கூறிவந்தனர்.

இந்நிலையில் சுவீடன் நாட்டில் ஓர் அரிய செயல் நிகழ்ந்தது. போர்விமான ஆசனங்களை வடிவமைத்துப் பழகிய நில்ஸ் போலின் என்னும் பொறியியலாளர் 1958 இல் வொல்வோ நிறுவனத்தில் சேர்ந்தார். அதுகாறும் இருந்த பட்டி பெரும்பாலும் இடுப்பை மட்டும் சுற்றியது. மார்பையும் தலையையும் காக்கவில்லை. போலின், தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே இறங்கி, இடுப்போரம் பூட்டுண்டு, தொடைகளின் மேலே திரும்பும் ஒரே பட்டியை மூன்று இடங்களில் நிலைநிறுத்தினார். ஒரு கையால் ஒரு நொடியில் பூட்டலாம். 1959 இல் அது கார்களில் வந்தது. அதற்கான உரிமத்தை வொல்வோ தனக்கென்று பூட்டிவைக்கவில்லை. ஏனைய நிறுவனங்களும் அதனைப் பயன்படுத்த விட்டது. இன்று உலகின் எந்தக் காரில் ஏறினும் நாம் இழுத்து மாட்டுவது அந்தப் பட்டியையே. அறிவு தனியுடைமையாகாது பொதுவுடைமையானபோது எத்துணை உயிர்கள் காக்கப்படும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் நல்ல கருவி இருப்பது வேறு. அது மக்களிடம் சேர்வது வேறு. அமெரிக்காவில் அதனைச் சேர்ப்பித்தது பொதுமக்களின் குரலே. 1965 இல் ரால்ப் நேடர் என்னும் இளம் சட்டத்தரணி, கார் நிறுவனங்கள் அறிந்தே ஆபத்தை விற்கின்றன என்று நூலெழுதினார். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் சார்பில் துப்பறிவோர் அவரைப் பின்தொடர்ந்தனர். செய்தி வெளிப்பட்டதும், 1966 இல் அந்நிறுவனத்தின் தலைவர் செனற் சபைக் குழுவின் முன் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1968 முதல் புதிய கார்களில் பட்டி கட்டாயமாயிற்று. காரில் பட்டி இருந்தால் மட்டும் போதாது, அணியவும் வேண்டும் என்று முதலில் சட்டமியற்றியது ஆஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலம், ஆண்டு 1970. பிரித்தானியாவில் முன்னாசனத்தோர்க்கு 1983 இலும், பின்னாசனத்தில் அமரும் வளர்ந்தோர்க்கு 1991 இலும் அது கட்டாயமாயிற்று.

எமது நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது போலினின் பட்டிக்கு மூத்தது. ஆசனப்பட்டி அணிவது இங்குக் கட்டாயமானது 2011 அக்டோபரில். விக்ரோரியாவுக்கும் எமக்கும் இடையே நாற்பது ஆண்டு இடைவெளி. அந்த நாற்பது ஆண்டுகளில் பெரும்பகுதியைக் கிழக்கு மாகாணம் போரில் கழித்தது. சோதனைச் சாவடிதோறும் இறங்கி நடந்து மறுபடியும் ஏறிய மக்களுக்கு வீதி என்பது வேறோர் அச்சத்தின் பெயராக இருந்தது. ஏறிய இடத்திலிருந்து உயிரோடு இறங்கினால் போதும் என்றிருந்த காலத்தில் பட்டியைப் பற்றி யார் பேசுவார்? 2004 இன் ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வந்தபோது, ஏறியதும் பட்டி பூட்டும் வழக்கத்தை எம்மவர் பலர் கண்டனர். அதை அயலவரின் நாகரிகம் என்றே கருதினர்.

2011 இன் சட்டம் முன்னாசனத்தோடு நின்றது. சாரதியையும் அவரருகே அமர்பவரையும் அது பணித்தது. பின்னே அமர்ந்தோரைப் பணிக்கவில்லை. 2025 மே 11 ஆம் நாள் கொத்மலையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டில் பஸ் சாரதிகளுக்கும், அதிவேகப் பாதைகளில் செல்லும் வாகனங்களின் எல்லாப் பயணிகளுக்கும் பட்டி கட்டாயமாக்கப்பட்டது. வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் கிழக்கு மாகாணத்தில் அதிவேகப் பாதை எதுவும் இல்லை. கல்முனைக்கோ செங்கலடிக்கோ செல்லும் வாகனத்தின் பின்னாசனத்தில் இருப்பவரின் உயிர் அதனினும் மலிவானதா?

பின்னாசனத்தில் இருப்பவர் யார்? எமது குடும்பங்களை நோக்குமிடத்து விடை எளிது. முன்னே குடும்பத் தலைவரும் மூத்த ஆண்மகனும் அமர்வர். பின்னே தாய், பாட்டி, குழந்தைகள். பட்டி எமது சமூகத்தில் வந்துசேர்ந்த வரிசையும் இதுவே. மேலும், யப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் பலவற்றில் பின்னாசனப் பட்டியின் பூட்டு ஆசன உறையின் அடியிற் புதைந்து கிடக்கிறது. வாங்கிய நாள்முதல் அதை எவரும் வெளியே எடுத்ததில்லை.

பின்னாசனம் பத்திரமானது, அங்குப் பட்டி தேவையில்லை என்ற நம்பிக்கை தவறு. 2022 செப்டெம்பர் 4 இல், டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, மகாராட்டிரத்தின் பால்கர் அருகே உயர்தரக் கார் ஒன்றின் பின்னாசனத்தில் பட்டியின்றி அமர்ந்து சென்று உயிரிழந்தார். அருகில் இருந்தவரும் மாண்டார்; முன்னாசனத்தில் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தனர். செல்வத்தையும் இயக்க விதி மதிப்பதில்லை. பின்னிருப்பவர் தமக்கு மட்டும் தீங்கு தேடுவதுமில்லை. பட்டியணியாத அவருடைய உடல் முன்னாசனத்தின் முதுகில் வந்து மோதுகிறது. முன்னிருப்பவர் பட்டியணிந்திருந்தாலும், பின்னிருப்பவர் அணியாதபோது அவருடைய மரண ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று 2002 இல் யப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். எமது வீதிகளில் ஓடும் கார்கள் பிறந்த நாடு அது என்பதை நினைவிற்கொள்க.

குழந்தையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தாயின் மடியே உலகில் பத்திரமான இடம் என்பது எமது பண்பாட்டின் அடிப்படை நம்பிக்கை. நின்றிருக்கும் உலகில் அது உண்மை. 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதும் காரில், பத்துக் கிலோகிராம் எடையுள்ள குழந்தை ஏறத்தாழ 200 கிலோகிராம் பாரமுள்ள பொருளைப் போல் முன்னோக்கி இழுக்கும். மூன்று நெல் மூட்டைகளைக் கையால் மறித்து நிறுத்த எந்தத் தாயால் இயலும்? அன்பு குறைவாலன்று, இயற்கையின் விதியாலேயே அவள் கை நெகிழும். தன் பட்டிக்குள் குழந்தையையும் சேர்த்துப் பூட்டினால், தாயின் உடலே குழந்தையை நசுக்கும். கைக்குழந்தைக்குப் பின்நோக்கி வைக்கும் தனி இருக்கையும், சற்று வளர்ந்த பிள்ளைக்கு உயரம் கூட்டும் இருக்கையும் வேண்டும். அவை பின்னாசனத்திலேயே இடம்பெற வேண்டும்; பதின்மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கும் பின்னாசனமே உரிய இடம்.

"காரில் காற்றுப்பை இருக்கிறதே" என்பார் உளர். காற்றுப்பையின் வரலாறும் எச்சரிக்கை நிறைந்தது. மோதிய கணத்தில், ஒரு வினாடியில் இருபதிலொரு பங்கு கழியுமுன் அது வெடித்து விரிகிறது. பட்டியணிந்து, சற்றுத் தள்ளி அமர்ந்தவரை அது தாங்கும். ஒட்டி அமர்ந்தவரை அது அறையும். அமெரிக்காவில் அதன் தொடக்கக் கால அளவுகோல், பட்டியணியாத நடுத்தர உடலுள்ள ஆண்மகனைத் தடுக்கும் விசையே. அவ்விசை குழந்தைகளையும் குட்டையான பெண்களையும் கொன்றது. 1990 முதல் 2008 வரை அந்நாட்டில் காற்றுப்பையாலேயே 290 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவருள் மிகப் பலர் பட்டியைச் சரிவர அணியாதவர். எனவே சாரதியின் மார்புக்கும் சுக்கானுக்கும் இடையே ஒரு சாண் தூரத்திற்குக் குறையாமல், ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் இருத்தல் வேண்டும். காற்றுப்பையுள்ள முன்னாசனத்தில் பின்நோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைத்தலாகாது. காற்றுப்பை பட்டிக்குத் துணை. அதற்கு மாற்று அன்று.

இன்னொரு செய்தியும் எம்மைப் போன்ற வெப்பக் கரையோர மக்களுக்குரியது. யப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளில் இருந்த அமோனியம் நைத்திரேற்று, வெப்பத்தாலும் ஈரக்காற்றாலும் ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டது. அவை வெடித்தபோது உலோகத் துண்டுகள் சிதறிப் பயணிகளைக் கொன்றன. மலேசியாவிலும் உயிர்கள் போயின. பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன; 2017 இல் தகாட்டா முறிந்தது. வாவியும் கடலும் சூழ்ந்த எமது ஊர்களில், பல ஆண்டுகள் ஓடிய யப்பானியக் கார்களே மிகுதி. தம் காரின் அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து, அது திரும்ப அழைக்கப்பட்ட வகையா என்று அவ்வாகன முகவரிடம் கேட்டறிவது ஒவ்வோர் உரிமையாளரின் கடமையாகும்.

யாருடைய உடலை அளவாகக் கொண்டு இச்சாதனங்கள் செய்யப்பட்டன என்பதும் சிந்திக்கற்பாலது. பல பத்தாண்டுகளாக மோதற் சோதனைகளில் அமர்ந்த பொம்மை, சராசரி அமெரிக்க ஆணின் உருவம். 2011 இல் வெளியான வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வொன்று, ஒத்த விபத்தில் பட்டியணிந்த ஆண் சாரதியிலும் பட்டியணிந்த பெண் சாரதி கடுங்காயமடையும் வாய்ப்பு 47 வீதம் கூடியது என்று கண்டது. இது பட்டியைக் கழற்றுவதற்குரிய காரணமன்று. எல்லா உடலையும் எண்ணிப் படைக்கக் கோருவதற்குரிய காரணம். உள்ளதைக்கொண்டே முன்னாசனத்தோரின் மரண ஆபத்தைப் பாதியளவு குறைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பட்டி வயிற்றின்மேல் கிடத்தல் ஆகாது. இடுப்பெலும்பின்மேல் தாழப் படிதல் வேண்டும். தோட்பகுதி கழுத்தை உரசாமலும் கையின் கீழே நுழையாமலும் மார்பின் நடுவே செல்லவேண்டும். கருவுற்ற தாய் அதைத் தவிர்க்க வேண்டியதில்லை. வயிற்றுக்குக் கீழே தாழ்த்தி அணிந்தால் இருவரையும் அது காக்கும். ஆசனத்தைச் சாய்த்துப் படுத்தவாறு செல்பவர், மோதும்போது பட்டியின் கீழே வழுக்கிப் போவார்.

பொலிஸ்காரரைக் கண்டதும் பட்டியை மார்பில் இழுத்துப் பிடித்து, அவரைத் தாண்டியதும் விட்டுவிடும் காட்சி எமது வீதிகளில் அரிதன்று. தண்டத்துக்கு அஞ்சுபவன் சட்டத்தின் பொருளை அறியாதவன். அறிவிக்க வேண்டியோர் ஆசிரியர், வைத்தியர், சங்கங்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகிய எல்லாரும். ஆயின் அறிவுரை மட்டும் போதாது. குழந்தை இருக்கையின் விலை சாதாரண குடும்பத்திற்கு எட்டாதிருக்கையில், 'வாங்குக' என்று உபதேசிப்பது எளிது. அவ்விருக்கைகளின் வரியை நீக்கவும், பிரசவ விடுதிகள் வழியே இரவல் கொடுக்கவும் அரசால் முடியும். பிள்ளைகளை அடைத்துச் செல்லும் பாடசாலை வான்களில் ஆளுக்கோர் ஆசனமும் ஆசனத்துக்கோர் பட்டியும் கேட்பது பெற்றோரின் உரிமை. உழவு இயந்திரப் பெட்டியில் நின்றவாறு வயலுக்குச் செல்லும் படுவான்கரைக் கூலியாளருக்கு ஆசனமே இல்லை; பட்டியைப் பற்றி அவரிடம் பேசுமுன் பத்திரமான பஸ் ஒன்றை அவருக்காகக் கேட்க வேண்டியது எமது கடமை.

முதலாளிகள் மனமிரங்கிப் பட்டியைத் தரவில்லை. ஆய்ந்தவர்கள் கண்டனர், கேட்டவர்கள் பெற்றனர். முன்னாசனத்தில் நின்றுவிட்ட அந்த உரிமையைப் பின்னாசனத்துக்கும், அங்கிருந்து எமது பிள்ளைகளின் வான்களுக்கும் கொண்டுசெல்வது இனி எம் கையில் உள்ளது. அதுவரை, உறைக்குள் புதைந்து கிடக்கும் பூட்டை இன்றே வெளியே எடுப்போம்.